ஈடித்தைப் பேசி முடிக்க விடுங்க

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நியூஜெர்சில இருக்கேன், ஐடி வேலை. பேர் போட வேண்டாம். அப்பாவும் அம்மாவும் ஊர்லேர்ந்து வந்து எங்ககூட இருக்காங்க. குளிர்ல வெளிய எங்கயும் கூட்டிட்டுப் போக முடியல, அதனால சாயங்காலம் ஆனா நானும் அப்பாவும் பழைய அமெரிக்கன் ஷோ ஏதாவது பாப்போம். இப்ப ஓடிட்டிருக்கறது 'ஆல் இன் த ஃபேமிலி'. நியூயார்க் குவீன்ஸ்ல ஒரு சின்ன வீடு, ஆர்ச்சி பங்கர்னு ஒரு தொழிலாளி, அவன் பொண்டாட்டி ஈடித், பொண்ணு குளோரியா, காலேஜ் படிச்சிட்டே மாமனார் வீட்ல தங்கியிருக்கற மாப்பிள்ளை மைக். ஆர்ச்சி கறுப்பர், யூதர், போலிஷ்காரங்கன்னு ஒருத்தர் விடாம மட்டமா பேசுவான், மைக் எதிர்த்து வாதாடுவான், இதுதான் கதை.

பிரச்னை என்னன்னா ஆர்ச்சியைக் கிண்டல் பண்றாங்கன்னே அப்பாவுக்குத் தோணல. "கரெக்டாத்தான் சொல்றான்"னு அவன் பக்கமே நிக்கறார். அப்புறம் எங்க பக்கத்து வீட்டுக்காரங்களைப் பத்தி அதே மாதிரி பேசறார். நான் மைக் மாதிரி சண்டை போடறேன், வீட்ல நிம்மதி போச்சு. அப்பா ரொம்ப புத்திசாலி, பி.யு.சி.யோட படிப்பை நிறுத்திட்டு தம்பி தங்கச்சிங்களுக்காக வேலைக்குப் போனவர். அவருக்கு இது நையாண்டின்னு எப்படிப் புரிய வைக்கறது? இந்த மாதிரி ஷோ இன்னிக்கு எடுக்க விடுவாங்களா? சொல்லப்போனா இப்படி ஒரு ஷோவால நல்லது நடந்துச்சா கெட்டது நடந்துச்சா?

(அம்மா பாக்க மாட்டாங்க. நடுவுல காபி குடுத்துட்டு, சம்பந்தமில்லாம ஏதாவது பேச ஆரம்பிப்பாங்க, அப்புறம் உள்ள போயிடுவாங்க.)

அன்புடன்,
ஒரு வாசகன்

-

அன்புள்ள தம்பி,

வழக்கமா நான் பதில் எழுத மாசக்கணக்குல ஆகும். உங்களுக்கு உடனே எழுதறேன், ஏன்னா கொஞ்ச நாளாவே ஈடித் பங்கரைப் பத்தி எழுதணும்னு மனசுல ஓடிட்டிருக்கு, நீங்க என்னடான்னா அவ பேரை ஒரே ஒரு தடவை 'அவன் பொண்டாட்டி'ன்னு சொல்லிட்டு நேரா மைக்குக்குத் தாவிட்டீங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. அதை அப்புறம் சொல்றேன், முதல்ல நீங்க கேட்டதை முடிச்சிடறேன்.

உங்கப்பா மாதிரி பாத்தவங்க அப்பவே ஏராளம். 1971 ஜனவரி 12ஆம் தேதி சிபிஎஸ்ல முதல் எபிசோட் போறப்பவே, நம்ம பலவீனங்களையும் வெறுப்புகளையும் சிரிப்பா காட்டப்போறோம், அது எவ்வளவு அபத்தம்னு தெரியட்டும்னு எழுத்துல ஒரு அறிவிப்பு போட்டுட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. அப்படிப் போட்டும் அடுத்த வருஷ எலக்‌ஷன் சமயத்துல 'ஆர்ச்சி பங்கர் ஃபார் பிரசிடென்ட்'னு கார்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டுத் திரிஞ்சாங்க. 1974ல விட்மர், ரோக்கீச்னு ரெண்டு உளவியல்காரங்க அமெரிக்கப் பசங்ககிட்டயும் கனடாக்காரங்ககிட்டயும் கேட்டு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல வந்தது இதுதான்: ஏற்கெனவே மத்த இனத்துமேல வெறுப்பு இருக்கறவங்களுக்கு ஆர்ச்சியைப் பிடிச்சிருக்கு, கடைசில அவன்தான் ஜெயிக்கறான்னும் தோணியிருக்கு. வெறுப்பு கம்மியா இருக்கறவங்களுக்கு அதே ஷோ வேற மாதிரி தெரிஞ்சிருக்கு. ஜனாதிபதி நிக்சனே 1971 மே மாசம் தன் ஆட்களோட உக்காந்து இந்த ஷோவைப் பத்திக் கோவமா பேசினது வெள்ளை மாளிகை டேப்ல இருக்கு, ஓரினச் சேர்க்கை பத்தின எபிசோட் ஒன்னைப் பாத்துட்டு, நல்ல மனுஷனை முட்டாளாக்கறாங்கன்னு அவருக்கு ஆத்திரம். அதனால நையாண்டியை விளக்கிச் சொல்லி ஒருத்தரை மாத்திடலாம்னு நினைக்காதீங்க. விளக்கினா உங்கப்பாவுக்கு உங்க மேல இன்னும் எரிச்சல்தான் வரும்.

இன்னிக்கு எடுக்க விடுவாங்களான்னா, 2019ல ஏபிசி பழைய ஸ்கிரிப்டையே வேற நடிகர்களை வெச்சு லைவா நடத்திக் காட்டினாங்க, உலகம் ஒன்னும் அழிஞ்சிடல. இந்தக் கேள்வியே எனக்கு அலுப்பு, விட்டுடுங்க. நல்லதா கெட்டதாங்கறதுக்கும் என்கிட்ட பதில் இல்ல, அமெரிக்காவுல தொடர்ந்து 5 வருஷம் நம்பர் ஒன்னா இருந்த ஷோ, அத்தனை கோடி பேர் மனசுல என்ன பண்ணுச்சுன்னு யார் தராசு வெச்சு நிறுக்க முடியும்.

இப்ப மைக். நீங்க உங்களை மைக்கா நினைச்சுக்கறீங்க. சரி, மைக் யாருன்னு ஒழுங்கா பாத்தீங்களா தம்பி? மாமனார் வீட்ல வாடகை இல்லாம இருந்துக்கிட்டு, மாமியார் சமைச்சதை ரெண்டாவது தட்டு மூணாவது தட்டுன்னு சாப்பிட்டுக்கிட்டே சமத்துவம் பேசறவன். அவன் பேசறது அத்தனையும் நியாயம், நான் மறுக்கல. ஆனா அவன் வாதம் பண்ற நேரம் பூரா ஒருத்தி பின்னாடி தட்டு எடுத்துட்டுப் போறா, பீர் கொண்டு வர்றா, கதவைத் திறக்க ஓடறா, அந்த வீட்டு நியாயவானுக்கு அது கண்ணுல பட்டதே கிடையாது. குளோரியா பெண்ணுரிமை பேச ஆரம்பிச்ச உடனே அவன் முகம் எப்படி மாறுதுன்னு போய்ப் பாருங்க. எழுதினவங்களுக்கு அது நல்லாத் தெரியும், தெரிஞ்சேதான் எழுதியிருக்காங்க. நீங்கதான் கவனிக்கல.

சரி, ஈடித்துக்கு வர்றேன்.

இந்த ஷோவைப் பத்தி எழுதற எல்லாரும் ஆர்ச்சியைப் பத்தித்தான் எழுதறாங்க. அவன் உக்காந்த சேர் வாஷிங்டன்ல ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு, 1978ல குடுத்தாங்க. பக்கத்துல ஈடித்தோட சேரும் இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. அவ அதுல உக்காந்து பாத்தது எவ்வளவு நேரம்னு யோசிச்சுப் பாருங்க. அரைகுறையா உக்காருவா, உடனே ஆர்ச்சி ஏதாவது கேப்பான், எந்திரிச்சு சமையல்கட்டுக்கு அந்தக் குட்டி ஓட்டம். ஈடித்தா நடிச்ச ஜீன் ஸ்டேபிள்டன் உண்டாக்கின ஓட்டம் அது, கால் ரெண்டும் சின்னச் சின்னதா வெச்சு, உடம்பு மட்டும் முன்னாடி சாஞ்சு, கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள போய் நிக்கணுங்கற பதட்டத்தோட. ஸ்டேபிள்டனோட சொந்தக் குரல் ஈடித் குரல் மாதிரி இருக்கவே இருக்காது. பிராட்வே மேடையில பாடி நடிச்ச அம்மா, நல்லாப் பாடக்கூடியவங்க. ஷோ ஆரம்பத்துல பியானோ முன்னாடி உக்காந்து கீச்சுன்னு கத்திப் பாடறது ஈடித், அவங்க இல்ல. பாட்டு தெரிஞ்சவங்களாலதான் அவ்வளவு சரியா தப்பாப் பாட முடியும்.

ஈடித்தை எல்லாரும் வெகுளி, மக்கு, மூளை மெதுவா வேலை செய்யறவன்னு சொல்றாங்க. ஆர்ச்சி அவளை 'டிங்பேட்'னு, அதாவது மண்டுன்னு, கூப்பிட்டுக் கூப்பிட்டு நமக்கும் அப்படியே பழகிடுச்சு. நான் இதை ஒத்துக்கவே மாட்டேன், இதை மட்டும் கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்குங்க.

1971ல வந்த ஒரு எபிசோட். ஈடித் சூப்பர்மார்க்கெட் போயிட்டு வர்றா. ட்ராலிலேர்ந்து ஒரு பீச் பழ டின் எகிறிப் போய் நின்னுட்டிருந்த ஒரு கார் மேல விழுந்து கார் நசுங்கிடுது. யாரும் பாக்கல. அவ என்ன பண்றா, ஒரு சீட்டுல பேரும் விவரமும் எழுதி அந்தக் கார்லயே வெச்சுட்டு வந்துடறா. வீட்டுக்கு வந்து ஆர்ச்சிகிட்ட சொல்றா. எப்படிச் சொல்றா? டின்னுன்னு சொல்ல மாட்டா, பழ டின்னுன்னும் சொல்ல மாட்டா. எந்த வகை பீச், எந்தப் பாகுல ஊறினதுன்னு லேபிள்ல இருக்கறதை அப்படியே முழுசா சொல்லுவா, ஒவ்வொரு தடவையும். ஆர்ச்சிக்குத் தலை வெடிக்குது, இனிமே அந்தப் பேர் உன் வாயில வரக்கூடாதுங்கறான். சரிங்கறா. மறுபடி கதையை ஆரம்பிக்கறா, அந்த எடம் வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கிட்டு அதே ராகத்துல 'ம்ம் ம்ம் ம்ம்'னு இழுத்துட்டு மிச்சத்தைச் சொல்றா.

அந்த எடத்துல ஸ்டுடியோல உக்காந்திருக்கறவங்க விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. நானும் சிரிச்சேன். ஆனா பாருங்க தம்பி, அவ அந்தப் பேரை விடல. சொல்லாதேன்னா சொல்லல, ஆனா அதுக்கான எடத்தை யாருக்கும் விட்டுக் குடுக்கல, அதே நீளத்துக்கு அங்க ஒரு சத்தத்தை வெச்சுட்டா. நடந்ததை நடந்தபடிதான் சொல்லணுங்கறது அவளுக்கு. யாரும் பாக்காத எடத்துல சீட்டு எழுதி வெச்ச அதே புத்திதான் லேபிள்ல உள்ளதை ஒரு எழுத்து விடாம சொல்ல வைக்குது, ரெண்டும் வேற வேற இல்ல. ஆர்ச்சி என்ன நினைக்கறான், கார்க்காரன் வந்து பணம் கறக்கப் போறான்னு பதறறான். வந்தது ஒரு பாதிரியார், செலவு எவ்வளவோ அதைத் தவிர வேற ஒன்னும் கேக்கல, அவர் நிஜப் பாதிரியாரான்னே ஆர்ச்சிக்கு சந்தேகம். உலகத்துல யார் நேர்மையா இருப்பாங்கன்னு சரியா கணிச்சது அந்த வீட்ல யாரு, அந்த 'மக்கு'தானே.

இன்னொரு விஷயம், ஈடித் பேச்சு ஏன் இவ்வளவு நீளம்னு யாராவது கேட்டிருக்காங்களா? எனக்குத் தோணுறது இதுதான். வாழ்க்கை பூரா நடுவுல நிறுத்தப்பட்டவங்க, ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்துதான் ஆரம்பிப்பாங்க. பாதில விட்டா விட்ட எடத்துலேர்ந்து தொடர யாரும் கேக்கப் போறதில்லன்னு அவங்களுக்குத் தெரியும். அதனால குடுத்த சந்தர்ப்பத்துல முழுசையும் பேசிடணும்னு ஆரம்பம், அதுக்கு முந்தின நாள், அதுக்குக் காரணமான ஆளுன்னு போகும். அப்படி நீளுதுன்னு மறுபடி நிறுத்துவாங்க. நிறுத்தறதாலதான் நீளுதுன்னு நிறுத்தறவங்களுக்குப் புரியாது.

எங்க பெரியம்மாவுக்கு ஒரு ரயில் கதை இருந்துச்சு. நான் சின்னப் புள்ளைலேர்ந்து அந்தக் கதையோட ஆரம்பத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், முடிவைக் கேட்டதில்ல. "அன்னிக்கு என் குடைக்கம்பி உடைஞ்சு போச்சு, அதனால இவங்களோட குடையை எடுத்துட்டுக் கெளம்பினேன், இவங்க குடை பிரம்புக் கைப்பிடி, கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும்"னு ஆரம்பிப்பாங்க. பெரியப்பா பேப்பரை இறக்காமலே "குடையெல்லாம் யாரு கேட்டா, ரயிலுக்கு வா"ம்பார். பெரியம்மா "இருங்க, வர்றேன்"னுட்டு மறுபடி குடைக்கம்பிலேர்ந்து ஆரம்பிப்பாங்க. நாங்க பசங்கள்லாம் சிரிப்போம். அதுக்குள்ள யாராவது வந்துடுவாங்க, இல்ல பால் பொங்கிடும், இல்ல பெரியப்பா "உனக்கு ஒரு விஷயத்தை ஒழுங்கா சொல்லத் தெரியுதா"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிடுவார். எங்க வீட்ல 'குடைக் கதை'ன்னா வளவளன்னு பேசறதுக்கே ஒரு பேரா ஆகிப்போச்சு, கல்யாண வீட்ல கூட யாராவது இழுத்துப் பேசினா குடைக் கதைம்போம்.

பெரியப்பா ஊர்ல இல்லாத ஒரு ராத்திரி, கரன்ட் போயிருந்துச்சு, திண்ணைல நானும் பெரியம்மாவும் மட்டும். பண்றதுக்கு வேற ஒன்னும் இல்ல, "அந்த ரயில் கதையைச் சொல்லுங்க பெரியம்மா"ன்னேன். நம்பாம என்னைப் பாத்தாங்க. அப்புறம் குடைக்கம்பிலேர்ந்து ஆரம்பிச்சாங்க, நான் குறுக்க பேசல.

விழுப்புரம் ஜங்ஷன்ல பாசஞ்சர் நிக்குது. எதிர் சீட்ல இருந்த சின்னப் பொண்ணு ஒருத்தி, "கொஞ்சம் புள்ளையப் பாத்துக்குங்கக்கா, தண்ணி புடிச்சிட்டு வந்துடறேன்"னு கைக்குழந்தையைப் பெரியம்மாகிட்ட குடுத்துட்டு இறங்கிட்டா. குழாய்ல கூட்டம். வண்டி நகர ஆரம்பிச்சிடுச்சு. அவ செம்போட ஓடி வர்றா, எட்டல. பெட்டில இருந்த ஆம்பளைங்க எல்லாம் "சங்கிலியைப் புடி, சங்கிலியைப் புடி"ன்னு ஒருத்தருக்கொருத்தர் கத்தறாங்களே தவிர ஒருத்தரும் எந்திரிக்கல, அபராதம் யாரு கட்டறது. பெரியம்மா குள்ளம், அஞ்சடி கூட இருக்க மாட்டாங்க, இடுப்புல புள்ள வேற, கை எட்டல. அப்பதான் குடை. அந்த வளைஞ்ச கைப்பிடியைத் தூக்கி சங்கிலில மாட்டி, தன் மொத்த எடையையும் போட்டுத் தொங்கியிருக்காங்க. வண்டி நின்னுடுச்சு. ஜன்னல் வழியா புள்ளையைக் குடுத்திருக்காங்க. கார்டு வந்து யாரு இழுத்ததுன்னு கேட்டப்ப குடையோட இவங்க நிக்கறாங்க, வெளிய அந்தப் பொண்ணு புள்ளையைக் கட்டிக்கிட்டு அழுதிட்டிருக்கா, அவர் ஒன்னும் சொல்லாமப் போயிட்டாராம்.

தம்பி, குடைதான் கதையே. அவங்க சொந்தக் குடையா இருந்திருந்தா நேர்க் கைப்பிடி, சங்கிலி எட்டியிருக்காது. அவங்க சரியான எடத்துலதான் ஆரம்பிச்சிருக்காங்க, ஒவ்வொரு தடவையும் சரியான எடத்துலதான் ஆரம்பிச்சிருக்காங்க, கேக்கற பொறுமை எங்க ஒருத்தருக்கும் இருந்ததில்ல. பெரியப்பா அந்தக் கதையை முழுசா கேக்காமலே போய்ச் சேந்துட்டார். கெட்டவர் இல்ல, பெரியம்மாவுக்கு ஜுரம்னா ராத்திரி பூரா முழிச்சிருப்பார், தன் கையால கஞ்சி வெச்சுக் குடுப்பார். பேச மட்டும் விட மாட்டார்.

ஆர்ச்சியும் அந்த ஜாதிதான். இது ஏதோ எழுத்தாளர் கற்பனைல வந்ததுன்னு நினைக்காதீங்க. பிபிசில வந்த ஒரு தொடரை வெச்சுத்தான் நார்மன் லியர் இதை உருவாக்கினார், ஆனா ஆர்ச்சி பொண்டாட்டியை 'வாய மூடு'ங்கறது தன் அப்பா தன் அம்மாவைச் சொன்னதுன்னு லியரே பல தடவை சொல்லியிருக்கார். லியருக்கு 9 வயசா இருக்கறப்ப அப்பா ஜெயிலுக்குப் போறார், அம்மா வீட்டுச் சாமானை எல்லாம் விக்கறாங்க, அப்பா உக்காந்து ரேடியோ கேக்கற சிவப்பு லெதர் சேரும் போயிடுது. அதை அவர் தன் வாழ்க்கைக் கதைல எழுதியிருக்கார். ஆர்ச்சிக்கு ஏன் அவ்வளவு பெரிய சேர் குடுத்தார்னு அப்ப எனக்குப் புரிஞ்சுது. ஆனா அதே ஆள், அந்த அம்மாவோட எடத்துல வெச்ச ஈடித்துக்கு என்ன குடுத்தார்னு பாருங்க, அதுதான் முக்கியம். ஜூரியா போற எபிசோட்ல எல்லாரும் குத்தவாளிங்கறப்ப ஈடித் ஒருத்தி மட்டும் இல்லன்னு நிக்கறா, கடைசில அவ சொன்னதுதான் சரி. 1972 ஜனவரில மாதவிடாய் நிக்கற காலத்தைப் பத்தி ஒரு எபிசோட், அப்ப டிவில அதை வாய்விட்டுச் சொன்னதே பெரிசு, அதுல ஈடித் ஆர்ச்சியைப் பாத்து 'வாய மூடு'ங்கறா, அவன் நிக்கற நிலையைப் பாக்கணுமே. 1977ல ஈடித்தோட கசின் லிஸ் செத்துப் போறா. கூட இருந்த பெண்மணி வெறும் சினேகிதி இல்ல, லிஸ்ஸோட வாழ்க்கைத் துணைன்னு ஈடித்துக்குத் தெரிய வருது. குடும்பத்து வெள்ளி டீ செட் சட்டப்படி ஈடித்துக்குத்தான் வரணும், ஆர்ச்சி விடவே மாட்டேங்கறான். ஈடித் அதை அந்தப் பெண்மணிகிட்டயே குடுத்துடறா. மைக் இதுக்கு ஒரு மணி நேரம் லெக்சர் குடுத்திருப்பான். அவளுக்கு அதெல்லாம் தேவைப்படல, யாரோட துக்கம் பெரிசுன்னு பாத்தா, முடிவு பண்ணிட்டா.

ஸ்டேபிள்டன் நிஜ வாழ்க்கையில பெண்கள் சம உரிமைச் சட்டத்திருத்தத்துக்காக ஊர் ஊரா பேசினவங்க, 1977ல ஹூஸ்டன்ல நடந்த தேசியப் பெண்கள் மாநாட்டை நடத்தின கமிஷன்ல ஒரு உறுப்பினர். கொஞ்ச காலத்துல ஈடித் போதும்னு அவங்களே முடிவு பண்ணாங்க. ஈடித்தை சாகடிக்கறதுக்கு லியருக்கு மனசே வரல. ஸ்டேபிள்டன் போன்ல "நார்மன், அவ வெறும் கற்பனைதானே"ன்னு சொல்ல, அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லையாம், கடைசில "இல்ல, அவ கற்பனை இல்ல"ன்னாராம். ஸ்டேபிள்டனே பேட்டில சொன்னது. 1980 நவம்பர்ல, 'ஆர்ச்சி பங்கர்ஸ் ப்ளேஸ்'னு தொடர்ந்த ஷோல, ஈடித் தூக்கத்துல பக்கவாதம் வந்து செத்துட்டதா வெச்சாங்க. ஈடித் பேர்ல பெண்ணுரிமை வேலைகளுக்குன்னு லியர் 5 லட்சம் டாலர் நன்கொடை குடுத்தார்.

அந்த எபிசோட்ல ஆர்ச்சி துக்கத்தை வெளிய காட்டாம சுத்திட்டே இருப்பான். பெட்ரூம்ல ஈடித்தோட ஒத்தைச் செருப்பு, வீட்டுக்குள்ள போடுற துணிச் செருப்பு, அது கைல அகப்படும். கட்டில்ல உக்காந்து அந்தச் செருப்புகிட்டப் பேசுவான். நான்தானே முதல்ல போயிருக்கணும், உன்மேல ஆசையா இருக்கேன்னு இன்னொரு தடவை சொல்ல விடாம இப்படிப் போயிட்டியேன்னு. ஆர்ச்சியா நடிச்ச கரோல் ஓ'கானர் எவ்வளவு பெரிய நடிகர்ங்கறதுக்கு அந்த அஞ்சு நிமிஷம் போதும். எல்லாரும் அழுதாங்க, நானும் அழுதேன், அழுது முடிச்சதும் எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. அவ இருந்த வருஷமெல்லாம் அவ வாயை மூடிட்டு, இப்ப பதில் பேச முடியாத செருப்புகிட்ட பேசறானேன்னு.

உங்க கடிதத்துல அடைப்புக்குறிக்குள்ள ரெண்டே வரி. "அம்மா பாக்க மாட்டாங்க. சம்பந்தமில்லாம ஏதாவது பேச ஆரம்பிப்பாங்க, அப்புறம் உள்ள போயிடுவாங்க." ஏன் உள்ள போறாங்க தம்பி? யாரு போகச் சொல்றது? அப்பாவா நீங்களா? அப்பா ஆர்ச்சி மாதிரி பேசறார்னு மூணு பக்கம் கவலைப்பட்டு எழுதியிருக்கீங்க (நான் இங்க சுருக்கித்தான் போட்டிருக்கேன்), உலகத்துல உள்ள அத்தனை இனத்துக்காரங்களுக்காகவும் அப்பாகிட்ட சண்டை போடறீங்க, போடுங்க, வேண்டாங்கல. அதே ஹால்ல உங்கம்மா ஒரு பேச்சை ஆரம்பிச்சு முடிக்க முடியாம டம்ளரை எடுத்துட்டுப் போறாங்க, அதுக்கு நீங்க வெச்ச பேர் 'சம்பந்தமில்லாம'. எதுக்கு சம்பந்தமில்லன்னு எப்படித் தெரியும், முழுசா கேட்டீங்களா? கடல் தாண்டி வந்து, வெளிய பனி, பேச்சுத் துணைக்கு அக்கம்பக்கத்துல ஒருத்தர் கிடையாது, இருக்கறது நீங்க ரெண்டு பேர், அந்த ரெண்டு பேரும் டிவில ஒரு பொம்பளைய வாய மூடச் சொல்றதைப் பாத்து சிரிச்சிட்டிருக்கீங்க. படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது.

கடுமையா சொல்லிட்டேன்னு நினைக்காதீங்க. அப்பா அம்மாவை அழைச்சிட்டு வந்து கூட வெச்சுக்கிட்டிருக்கற புள்ள நீங்க, சாயங்காலம் அப்பா பக்கத்துல உக்காந்து டிவி பாக்கறீங்க, எத்தனை பேர் செய்யறாங்க. உங்கமேல பிரியம் இல்லன்னா ரெண்டு வரில பதில் போட்டுட்டுப் போயிருப்பேன்.

அப்பா விஷயத்துக்கும் பதில் ஈடித்கிட்டதான் இருக்கு. 1973ல ஒரு எபிசோட், எல்லாரும் சேந்து ஒரு விளையாட்டு விளையாடறாங்க, மனசுல உள்ளதைச் சொல்ற மாதிரி, அதுல மைக் கோச்சுக்கறான், ஆர்ச்சி எப்பவும் என்னையே கத்தறார்னு பொருமறான். ஈடித் அவனுக்கு அன்னிக்கு பதில் சொல்றா. ஆர்ச்சிக்கு உன்மேல பொறாமை மைக், நீ காலேஜ் போற, உனக்கு முன்னாடி வாழ்க்கை பூரா இருக்கு, அவர் குடும்பத்தைக் காப்பாத்தப் படிப்பை விட்டவர், இனிமே அவர் இப்ப இருக்கறதை விட மேல போகப் போறதில்ல, உன்னைப் பாக்கறப்ப தான் என்னவெல்லாம் ஆக முடியாமப் போச்சோ அது அத்தனையும் அவருக்குத் தெரியுதுங்கற மாதிரி பேசிட்டு, இதை யோசிச்சுப் பாருங்கறா. யாரும் குறுக்க பேசல. அந்த வீட்ல அத்தனை வருஷம் நடந்த சண்டைக்கு யாரும் சொல்லாத காரணத்தை அவதான் சொன்னா. உங்கப்பா பி.யு.சி.யோட நிறுத்தினார்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதை ஏன் எழுதினீங்கன்னு கூட யோசிக்காம எழுதியிருக்கீங்க. உங்க வீட்டு ஹால்ல உக்காந்து உங்க பேச்சைக் கேட்டுட்டு அவர் யாரைத் திட்டறார்னு இப்ப பாருங்க. பக்கத்து வீட்டுக்காரங்களைப் பத்தி மட்டமா பேசறது தப்பு, அதைத் தப்புன்னு நேரா சொல்லுங்க. ஆனா கத்தாம சொல்ல உங்களால முடியணும்னா அவருக்கு எங்க வலிக்குதுன்னு தெரியணும், அது உங்களை விட நல்லா தெரிஞ்ச ஒருத்தங்க சமையல்கட்டுல இருக்காங்க.

அதனால இந்த சனிக்கிழமை ஷோவை நிறுத்திடுங்க. காபியை நீங்க போடுங்க. அம்மாவை சோபால உக்கார வெச்சு, அப்பா அந்தக் காலத்துல படிப்பை விட்ட கதையைக் கேளுங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கறாங்களோ அங்கேர்ந்து போகட்டும், கல்யாணத்துக்கு முந்தி யாரோ ஒரு மாமா வாங்கின சைக்கிள்லேர்ந்து ஆரம்பிச்சாலும் சரி. அப்பா நடுவுல "விஷயத்துக்கு வா"ன்னா, அவரை "இருங்கப்பா"ன்னு சொல்லுங்க, அவர்கிட்ட நீங்க போட வேண்டிய முதல் சண்டை அதுதான். அப்புறம் எனக்கு எழுதுங்க. அம்மா சொன்ன வரிசையிலேயே எழுதுங்க, சுருக்காதீங்க, எத்தனை பக்கம் ஆனாலும் படிக்கறேன், இங்கயும் அப்படியே முழுசாப் போடறேன்.

அன்புடன்,
அக்கா